நாற்காலியிலிருந்து எழும்போது எந்தத் தசை, எப்போது, ஏன்? ஓர் அசைவை ஆராயும் முழுமையான வழிகாட்டி

பி.பி.டி. (இயன்முறை மருத்துவப் பட்டப்படிப்பு) முதலாண்டு மாணவர்களிடம் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நின்றுகொண்டிருப்பவர் மெதுவாக நாற்காலியில் உட்காருகிறார். முழங்கால் மடங்குகிறது. எந்தத் தசை வேலை செய்கிறது?" யோசிக்காமல் வரும் பதில், "ஹாம்ஸ்ட்ரிங்ஸ் சார்." தொடையின் பின்பக்கம் இருந்து முழங்காலை மடக்கும் தசை அதுதானே என்று காரணமும் சேர்ந்தே வரும்.

பதில் தப்பு. அந்த நேரத்தில் உழைப்பது தொடையின் முன்பக்கம் இருக்கும் குவாட்ரிசெப்ஸ். நம்பிக்கை இல்லையென்றால் இப்போதே எழுந்து, தொடையின் முன்பக்கம் உள்ளங்கையை வைத்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்து பாருங்கள். கல்லாக இறுகும்.

தசையின் தொடக்கம், முடிவு, நரம்பு, செயல் என்று அட்டவணை முழுக்க மனப்பாடமாக இருப்பவர்கள்கூட இங்கே சறுக்குகிறார்கள். வேறெந்த விசையும் இல்லாதபோது அந்தத் தசை சுருங்கினால் என்ன நடக்கும் என்பதைத்தான் அட்டவணையின் 'செயல்' பத்தி சொல்கிறது. நம் உடம்போ எந்நேரமும் புவியீர்ப்பின் பிடியில் இருக்கிறது. அதனால் தசையின் பெயரைக் கடைசியில்தான் எழுத வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசை முழுவதும் அதற்காகத்தான்.

எடுத்துக்கொள்ளும் அசைவு, நாற்காலியிலிருந்து எழுவது. பெரும்பகுதி ஒரே தளத்தில் நடக்கிறது, இரண்டு காலும் ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்கின்றன, இரண்டு விநாடியில் முடிந்துவிடுகிறது. நடையை முதல் பாடமாக எடுத்தவர்கள் பாதியில் விட்டதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

1. முன்கூட்டியே தயாராக வைத்திருக்க வேண்டியவை

கைப்பிடி இல்லாத நாற்காலி அல்லது ஸ்டூல், 43 முதல் 45 செ.மீ. உயரத்தில். கைப்பிடி இருந்தால் பக்கவாட்டுப் படத்தில் இடுப்பு மூட்டு மறைந்துபோகும். பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்கை குழிந்து, பின்பக்கம் சரிந்து இருப்பதால் ஆய்வகத்து மர ஸ்டூலே மேல்.

ஸ்டிக்கர் பொட்டு ஒரு அட்டை, பெரிய அளவில், இரண்டு நிறங்களில். எலும்பு முனைகளைக் குறிக்க இதைவிட மலிவான, தோலுக்குப் பழகிய பொருள் எனக்குக் கிடைத்ததில்லை. அளவு நாடா, மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டர், விநாடிக்கு அறுபது ஃபிரேமில் வீடியோ எடுக்கக்கூடிய செல்போன், அதை அசையாமல் நிறுத்த ஒரு ட்ரைபாட். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக் குண்டு ஒன்று. அது எதற்கு என்று நான்காவது படியில் வரும்.

விண்டோஸ் மடிக்கணினி இருந்தால் கினோவியா என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வீடியோவை நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அச்சிட்டு, ஜியோமெட்ரி பாக்ஸ் கோணமானியால் அளந்தாலும் போதும். துல்லியம் கொஞ்சம் குறையும், பாடம் குறையாது.

எழப்போகிறவர் சக மாணவராக இருக்கட்டும். முழங்கால் வலி, தலைசுற்றல், அண்மையில் அறுவை சிகிச்சை என்று எதுவும் இருக்கக்கூடாது. அரைக்கால் சட்டை அவசியம், செருப்பு வேண்டாம். வீடியோ எடுக்கச் சம்மதம் கேட்டு, அது யார் யாரிடம் போகும் என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

தெரிந்திருக்க வேண்டியவை அதிகமில்லை. மூன்று தளங்கள், இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூட்டுகளின் அசைவுகள், காலின் பெரிய தசைகள் எலும்பில் எங்கே ஒட்டுகின்றன என்பது. வகுப்பில் ஃப்ளெக்ஷன், எக்ஸ்டென்ஷன் என்று சொல்வதை இங்கே மடங்கல், நீளல் என்றே எழுதுகிறேன்.

2. அசைவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதுங்கள்

"எழுவதை ஆராய்கிறேன்" என்று மட்டும் எழுதினால் போதாது. முதுகு முன்னால் அசையத் தொடங்கும் நொடியில் ஆரம்பம், நின்றபின் இடுப்பு நீள்வது நிற்கும் நொடியில் முடிவு என்று எழுதுங்கள். எல்லை வகுக்காதவர்கள் இரண்டு முறை எடுத்த வீடியோவை ஒப்பிடும்போது ஒன்றில் காலை இழுத்து வைப்பதையும் சேர்த்துவிடுவார்கள், இன்னொன்றில் விட்டுவிடுவார்கள். கணக்கு ஒட்டாது.

அப்புறம் தளம். இந்த அசைவு சாஜிட்டல் தளத்தில், அதாவது உடம்பை இடம், வலம் என்று பிரிக்கும் தளத்தில் நடக்கிறது. எனவே பக்கவாட்டிலிருந்துதான் பார்க்க வேண்டும். முழங்கால்கள் உள்ளே சாய்வது போன்ற வேறு தள அசைவுகளும் இருக்கும். அவற்றைப் பார்க்க முன்னால் இன்னொரு கேமரா வேண்டும். முதல் தடவை வேண்டாம்.

3. எலும்பு முனைகளைத் தேடிப் பொட்டு ஒட்டுங்கள்

ஐந்து இடங்கள்: தோள்பட்டையின் வெளி முனையான அக்ரோமியான், தொடையெலும்பின் மேல்பகுதியில் வெளிப்பக்கம் துருத்தும் கிரேட்டர் ட்ரோகேன்டர், முழங்காலின் வெளிப்புற எலும்புப் புடைப்பான எபிகான்டைல், கணுக்காலின் வெளிமுட்டு, சுண்டுவிரல் அடியில் ஐந்தாம் மெட்டாடார்சலின் தலை.

கணுக்கால் முட்டைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். தகராறு கிரேட்டர் ட்ரோகேன்டரில்தான். புதியவர்கள் இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தொட்டுவிட்டுக் "கிடைச்சிருச்சு" என்பார்கள். தேட வேண்டியது அதற்கு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம் கீழே, தொடையின் வெளிப்பக்கத்தில்.

சந்தேகம் தீர ஒரு வழி: அவரை மற்ற காலில் எடையைப் போட்டு நிற்கச் சொல்லி, தேடும் பக்கத்துக் காலின் பெருவிரலை உள்ளே, வெளியே திருப்பச் சொல்லுங்கள். உங்கள் விரல்களை அங்கே தட்டையாக அழுத்தி வையுங்கள். துணிக்கு அடியில் கோலிக்குண்டு உருளுவதுபோல ஒன்று உருளும். அதுதான். உருளாமல் இருந்தால் நீங்கள் இடுப்பெலும்பின் மேல் இருக்கிறீர்கள்.

இன்னொரு சங்கடம். நிற்கும்போது சரியாக ஒட்டிய பொட்டு, உட்கார்ந்ததும் எலும்பை விட்டு விலகி நிற்கும். பொட்டு தோலில்தானே ஒட்டியிருக்கிறது, எலும்பிலா? அதனால் நின்ற நிலையில் ஒரு முறை தேடிச் சிவப்புப் பொட்டு, உட்கார்ந்த நிலையில் மறுபடி தேடிக் கறுப்புப் பொட்டு என்று இரண்டு ஒட்டுகிறேன். உட்கார்ந்திருக்கும் கட்டத்துக்குக் கறுப்பு, நிமிர்ந்த கட்டத்துக்குச் சிவப்பு. பிழை முழுக்கப் போகாது, ஆனால் கணிசமாகக் குறையும்.

4. கேமராவை வைக்கும் விதம்

ஒரு தடவை ஒரு வகுப்பு முழுக்க எடுத்த வீடியோக்களை நானே தூக்கிப் போட வைத்தேன். கேமரா கொஞ்சம் கோணலாக நின்றிருந்தது. ஒரே ஆளின் முழங்கால் கோணம் ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு விதமாக வந்தது. வைக்கும்போது கவனிக்காமல் விட்டவன் நான்தான், மாணவர்கள் இல்லை.

தரையில் டைல்ஸ் இருந்தால் வேலை சுலபம். நாற்காலியை ஒரு டைல் கோட்டின் மேல் இணையாக வையுங்கள். அதற்குச் செங்குத்தாகப் போகும் கோட்டின் மேல் கேமராவை வையுங்கள். தூரம் குறைந்தது மூன்று மீட்டர், இடம் இருந்தால் நாலு. பக்கத்தில் வைத்தால் ஓரங்கள் வளைந்து தெரியும். வைட் லென்ஸில் இன்னும் மோசம்.

லென்ஸின் உயரம் முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவே, தரையிலிருந்து சுமார் 65 செ.மீ. நின்றபடி கையில் பிடித்து எடுத்தால் மேலிருந்து கீழே பார்க்கும் படம் வரும், கோணம் பொய் சொல்லும்.

இப்போது தூக்குக் குண்டு. நாற்காலிக்குப் பின்னால், படத்துக்குள் தெரியும்படி அதைத் தொங்கவிடுங்கள். உண்மையான செங்குத்துக் கோடு எது என்பதற்கு அதுவே சாட்சி. எட்டாவது படியில் வரும் கணக்கு அத்தனையும் அந்தக் கோட்டை நம்பித்தான் நிற்கிறது.

விநாடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 33 மில்லிவிநாடி. 60 என்றால் அதில் பாதி. இருக்கையை விட்டு உடம்பு கிளம்பும் கணத்தைப் பிடிக்க 60 நல்லது. ஸ்லோமோஷனில் எடுத்துவிட்டு நேரத்தை அப்படியே குறிக்காதீர்கள். எழுவதற்கு எட்டு விநாடி ஆனதாக அறிக்கை எழுதிக் கொடுத்தவர் உண்டு.

5. எழச் சொல்லும் விதம்

கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். கை தொடையை ஊன்றினால் முழங்காலின் பாரம் குறைந்துவிடும், எவ்வளவு குறைந்தது என்பதும் தெரியாது. இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிந்திருக்கட்டும், குதிகால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால். பாதம் இருந்த இடத்தைச் சாக்பீஸால் தரையில் வரைந்துவிடுங்கள், பின்னால் தேவைப்படும்.

"எழுந்திருங்க" என்று மட்டும் சொல்லுங்கள். "மெதுவா எழுந்திருங்க" வேண்டாம். மெதுவாக எழச் சொன்னால் அவர் முன்னால் சாயும் வேகத்தைப் பயன்படுத்தாமல் வேறு உத்திக்கு மாறிவிடுவார். நீங்கள் ஆராய நினைத்தது ஒன்று, படம் பிடித்தது இன்னொன்று என்றாகிவிடும்.

ஐந்து முறை எழச் சொல்லி, முதல் இரண்டை விட்டுவிடுங்கள். கேமரா கூச்சம் அதற்குள் போய்விடும்.

6. முதலில் பெயர் சொல்லாமல் பாருங்கள், பிறகு நான்காகப் பிரியுங்கள்

வீடியோவைப் போட்டதும் "குளூட்டியஸ் மாக்ஸிமஸ் இங்கே..." என்று ஆரம்பிக்கிறவர்களைத் தடுத்து நிறுத்துவது என் வாடிக்கை. முதல் மூன்று ஓட்டத்தில் ஒரு தசையின் பெயரும் வரக்கூடாது. எந்தப் பகுதி முதலில் அசைந்தது, எது நின்றது, எது திசை மாறியது, அவ்வளவுதான் எழுத வேண்டும்.

அப்படிப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். உடம்பு மேலே போவதற்கு முன்னால் முன்னே போகிறது. உட்கார்ந்தவரின் எடை நாற்காலியின் மேல் இருக்கிறது. பாதத்தின் மேல் வந்தால்தான் நிற்க முடியும். சுவரில் நெற்றி ஒட்டும்படி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எழ முயன்று பாருங்கள். எத்தனை பலசாலியானாலும் முடியாது.

1990-இல் ஷென்க்மேன் என்ற ஆய்வாளரின் குழுவினர் இந்த அசைவை நான்கு கட்டங்களாகப் பிரித்தார்கள். கற்பிக்க வசதியாக இருப்பதால் அதையே வைத்துக்கொள்கிறேன். முதுகு முன்னால் சாயத் தொடங்கியதிலிருந்து உடம்பு இருக்கையை விடும் வரை முதல் கட்டம். அங்கிருந்து கணுக்கால் மிக அதிகமாக மடங்கும் வரை, அதாவது கெண்டைக்கால் மிக முன்னால் சாயும் வரை இரண்டாவது. பிறகு இடுப்பு முழுதாக நீளும் வரை மூன்றாவது. நின்றபின் தள்ளாட்டம் அடங்குவது நான்காவது, இது இரண்டாவது படியில் நாம் வகுத்த எல்லையைத் தாண்டியது.

இரண்டாவது கட்டம் மிகச் சிறியது, ஆனால் விஷயம் முழுக்க அதில்தான். நாற்காலி தாங்கவில்லை, உடம்பின் ஈர்ப்பு மையம் இன்னும் பாதத்துக்கு நேர் மேலே வரவில்லை, முன்னால் சாய்ந்த வேகம் மட்டுமே காப்பாற்றுகிறது. வயதானவர்கள் எழுந்து 'தொப்'பென்று மறுபடி உட்கார்ந்துவிடுவது இங்கேதான்.

இருக்கையை விடும் கணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி, தொடைக்கும் இருக்கைக்கும் நடுவே பின்னாலிருக்கும் சுவர் முதன்முதலில் தெரியும் ஃபிரேமைக் குறியுங்கள். சுவரும் ஸ்டூலும் ஒரே நிறமாக இருந்தால் இது நடக்காது. பின்னால் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிடுங்கள்.

7. கோணங்களை அளங்கள்

முழங்காலுக்கு: நடுப்புள்ளி எபிகான்டைல், ஒரு கோடு ட்ரோகேன்டருக்கு, மற்றது கணுக்கால் வெளிமுட்டுக்கு. கோனியோமீட்டரை வைக்கும் அதே முறைதான். வீடியோவில் அளப்பதற்கு முன், உட்கார்ந்திருக்கும் ஆளின் முழங்காலை நேரில் கோனியோமீட்டரால் ஒரு முறை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டும் ஐந்து பாகைக்கு மேல் வேறுபட்டால் கேமராவிலோ பொட்டிலோ கோளாறு.

இங்கே எல்லோரும் விழும் குழி: நேராக நீட்டிய முழங்காலை உடலியக்கப் படிப்பில் 0 பாகை என்கிறோம். மென்பொருளோ இரண்டு கோடுகளுக்கும் இடைப்பட்ட கோணத்தை 180 என்று காட்டும். மென்பொருள் 80 என்றால் மடங்கல் 100. அட்டவணையின் தலைப்பிலேயே எந்த முறை என்று எழுதிவிடுங்கள்.

எடுத்துக்காட்டுக்கு: உட்கார்ந்த நிலையில் முழங்கால் 100, கணுக்கால் 10. இருக்கையை விடும்போது முழங்கால் 107, கணுக்கால் 17. சரியா என்று பார்க்க ஒரு குறுக்கு வழி உண்டு. தொடை தரைக்கு இணையாக இருக்கும்வரை, முழங்காலின் மடங்கல் என்பது 90-உடன் கெண்டைக்காலின் முன்சாய்வைக் கூட்டினால் வருவது. பாதம் தரையில் பதிந்திருப்பதால் அந்த முன்சாய்வுதான் கணுக்காலின் கோணம். 90-உம் 17-உம் 107. உங்கள் எண்கள் இப்படி ஒத்துப்போகவில்லையா? தசைக்குப் போகாதீர்கள், மூன்றாவது படிக்குத் திரும்புங்கள்.

இடுப்பில் இன்னொரு எச்சரிக்கை. தோளையும் ட்ரோகேன்டரையும் இணைக்கும் கோட்டுக்குள் முதுகு வளைவதும் கலந்திருக்கிறது. அதை 'இடுப்பு மூட்டின் கோணம்' என்று எழுதாதீர்கள். 'உடற்பகுதிக்கும் தொடைக்கும் இடையே உள்ள கோணம்' என்று எழுதினால் நேர்மை.

8. புவியீர்ப்பு எந்த மூட்டை எந்தப் பக்கம் திருப்பப் பார்க்கிறது?

தசைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. ஒரு மூட்டைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு மேலே உள்ள உடம்பின் ஈர்ப்பு மையத்தைக் குறியுங்கள். அங்கிருந்து தூக்குக் குண்டின் கோட்டுக்கு இணையாகக் கீழே ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு மூட்டுக்கு முன்னால் போகிறதா, பின்னால் போகிறதா? தசைகள் எல்லாம் அந்த நொடியில் செத்துப்போனால் மூட்டு எந்தப் பக்கம் சரியும்?

இருக்கையை விடும் கணத்தில் முழங்காலைப் பார்ப்போம். கோடு முழங்காலுக்குப் பின்னால் விழுகிறது. ஆக, புவியீர்ப்பு முழங்காலை மடக்கப் பார்க்கிறது.

எவ்வளவு? 60 கிலோ ஆள் என்று வைப்போம். ஒவ்வொரு முழங்காலுக்குக் கீழேயும் இருக்கும் பகுதி உடல் எடையில் சுமார் 6 சதவீதம். இரண்டையும் கழித்தால் மேலே 88 சதவீதம், ஏறக்குறைய 53 கிலோ, அதாவது 520 நியூட்டன். முதுகு செங்குத்திலிருந்து 40 பாகை முன்னால் சாய்ந்திருக்கும்போது அந்த எடையின் கோடு முழங்காலுக்கு 22 செ.மீ. பின்னால் விழுகிறது என்று கொள்வோம். 520-ஐ 0.22-ஆல் பெருக்கினால் 114 நியூட்டன் மீட்டர். இதுதான் வெளியிலிருந்து வரும் திருப்புவிசை, வகுப்பில் டார்க் என்பது. ஒரு காலுக்குப் பாதி, 57.

இதை எதிர்க்கக் குவாட்ரிசெப்ஸுக்குக் கிடைக்கும் நெம்புகோல் மிகக் குட்டை. முழங்கால் சில்லு முன்னால் தள்ளிக்கொடுத்தும்கூடத் தசைநாணுக்கும் மூட்டின் அச்சுக்கும் நடுவே சுமார் 4 செ.மீ.தான். 57-ஐ 0.04-ஆல் வகுத்தால் 1,400 நியூட்டனுக்கு மேல். ஒவ்வொரு தொடையும் சுமார் 145 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கிறது, 60 கிலோ உடம்பைத் தூக்க! உடம்பு அசையாமல் நிற்பதாக வைத்துப் போட்ட தோராயக் கணக்குதான் இது. வேகத்தையும் சேர்த்தால் எண் மாறும், ஆனால் எந்த அளவில் இருக்கும் என்பது புரிந்துவிடும்.

இப்போது அவர் 60 பாகை சாய்கிறார். கோடு முழங்காலுக்கு அருகே வந்து 17 செ.மீ. ஆகிறது. அதே கணக்கில் தொடையின் இழுப்பு சுமார் 110 கிலோவுக்கு இறங்கிவிடும். ஆனால் இது இலவசம் இல்லை. இடுப்பு மூட்டைச் சுற்றித் தலை, கை, உடற்பகுதியின் திருப்புவிசை சுமார் 80-இலிருந்து 108 நியூட்டன் மீட்டருக்கு ஏறுகிறது. முழங்கால் வலிக்காரர்கள் நன்றாகக் குனிந்து எழுவார்கள். முதுகு வலிக்காரர்கள் விறைப்பாக எழப் பார்த்துக் கால் நடுங்குவார்கள். பாட்டிகள் "முருகா" என்று முழங்காலில் கை ஊன்றி எழுவதில் நல்ல பௌதிகம் இருக்கிறது.

9. இப்போது தசை

விதி எளிது. வெளிவிசை மூட்டை மடக்கப் பார்த்தால் உழைப்பது நீட்டும் தசை. நீட்டப் பார்த்தால் மடக்கும் தசை. மூட்டு எந்தப் பக்கம் அசைகிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அசையும் திசை ஒன்றை மட்டும் சொல்கிறது: தசை குறுகிக்கொண்டே உழைக்கிறதா, நீண்டுகொண்டே உழைக்கிறதா. வகுப்பில் இவை கான்சென்ட்ரிக், எக்ஸென்ட்ரிக். அசைவே இல்லாமல் இறுகினால் ஐசோமெட்ரிக்.

எழும்போது முழங்கால்: வெளிவிசை மடக்குகிறது, மூட்டு நீள்கிறது. குவாட்ரிசெப்ஸ் குறுகிக்கொண்டு உழைக்கிறது. உட்காரும்போது: வெளிவிசை அதேபோல மடக்குகிறது, மூட்டும் மடங்குகிறது. அதே குவாட்ரிசெப்ஸ், நீண்டுகொண்டு, பிரேக் பிடிக்கிறது. ஹாம்ஸ்ட்ரிங்ஸ் என்று சொன்னவர் அசைவின் திசையை மட்டும் பார்த்தவர்.

முதல் கட்டத்தில் இடுப்பு கொஞ்சம் வம்பானது. தேர்வில் கேட்க எனக்குப் பிடித்த இடமும் அதுதான். நேராக உட்கார்ந்தவர் சாயத் தொடங்க, இலியோசோவாஸ் போன்ற இடுப்பை மடக்கும் தசைகள் தள்ளிவிடுகின்றன. கொஞ்சம் சாய்ந்ததும் எடையின் கோடு இடுப்பு மூட்டுக்கு முன்னால் வந்துவிடுகிறது. அப்புறம் புவியீர்ப்பே சாய்க்கும், யாரும் தள்ள வேண்டாம். அங்கிருந்து பிட்டத்தின் குளூட்டியஸ் மாக்ஸிமஸ், ஹாம்ஸ்ட்ரிங்ஸ், முதுகின் எரெக்டர் ஸ்பைனே எல்லாம் நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கின்றன. ஒரே கட்டம், ஒரே மூட்டு, ஒரே திசையில் அசைவு, ஆனால் பதில் இரண்டு. இருக்கையை விட்டபின் இதே நீட்டும் தசைகள் குறுகத் தொடங்கி இடுப்பை நிமிர்த்துகின்றன.

கணுக்காலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தொடக்கத்தில் டிபியாலிஸ் ஆன்டீரியர் கெண்டைக்காலை முன்னால் இழுத்துப் பாதத்தோடு கட்டிவைக்கிறது. எடை கணுக்காலுக்கு முன்னால் வந்தபின் கெண்டைக்காலின் பின்பக்கத் தசைகளான சோலியஸும் காஸ்ட்ராக்னீமியஸும் பொறுப்பேற்கின்றன.

10. இரண்டு மூட்டைத் தாண்டும் தசைகள்

இந்த இடத்தில் கூர்மையான மாணவர் ஒருவர் கை தூக்குவார். "எழும்போது முழங்கால் நீள வேண்டும். ஹாம்ஸ்ட்ரிங்ஸ் இடுப்பை நீட்டும் சரி, முழங்காலை மடக்குமே? குவாட்ரிசெப்ஸோடு சண்டை போடாதா?" 1903-இல் உடலியங்கியல் ஆய்வாளர் வாரன் லொம்பார்ட் எழுப்பிய அதே கேள்வி. லொம்பார்ட் முரண் என்றே பெயர்.

விடை நெம்புகோலின் நீளத்தில் இருக்கிறது. ஹாம்ஸ்ட்ரிங்ஸுக்கு முழங்காலைவிட இடுப்பில் நெம்புகோல் நீளம். குவாட்ரிசெப்ஸின் பகுதியான ரெக்டஸ் ஃபெமோரிஸுக்கு இடுப்பைவிட முழங்காலில் நீளம். இரண்டும் ஒரே நேரத்தில் இழுத்தால் இடுப்பில் ஹாம்ஸ்ட்ரிங்ஸ் ஜெயிக்கிறது, முழங்காலில் ரெக்டஸ் ஜெயிக்கிறது. இரண்டு மூட்டும் நீள்கின்றன.

இப்படிப்பட்ட தசைகளுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு மூட்டிலும் குறுகச் சொன்னால் பலம் போய்விடும். மணிக்கட்டை உள்பக்கமாக முழுக்க மடக்கிக்கொண்டு ஒரு பேனாவை இறுக்கிப் பிடியுங்கள், பக்கத்தில் இருப்பவர் சுலபமாக உருவிவிடுவார். மணிக்கட்டைச் சற்றுப் பின்னால் சாய்த்துப் பிடித்தால் உருவ முடியாது. அட்டவணையில் இரண்டு மூட்டுத் தசைக்கு எதிரே ஒரு நட்சத்திரக் குறி போட்டு, இரண்டு மூட்டின் நிலையையும் சேர்த்தே எழுதுங்கள்.

11. கையால் தொட்டுச் சரிபாருங்கள்

நீங்கள் எழுதியது ஊகம். அவரை மறுபடி எழச் சொல்லி, ஒரு நேரத்தில் ஒரு தசையை மட்டும் தொடுங்கள். கெண்டைக்காலின் முன்புறம், அங்குள்ள எலும்புக்கு (டிபியா) வெளிப்பக்கம் தொட்டால் டிபியாலிஸ் ஆன்டீரியர் இருக்கையை விடுவதற்கு முன்பே இறுகுவது தெரியும். முழங்காலுக்குப் பின்னால் இருபுறமும் கயிறுபோல இருக்கும் ஹாம்ஸ்ட்ரிங்ஸ் நாண்களைத் தொட்டால் லொம்பார்ட் முரண் விரலிலேயே படும். இலியோசோவாஸை மட்டும் இப்படித் தேடாதீர்கள், ஆழத்தில் இருக்கிறது.

கல்லூரியில் இ.எம்.ஜி. கருவி இருந்தால் நல்லது. ஆனால் அதில் உயரும் கோடு தசையின் மின்செயலைக் காட்டுகிறது, விசையை நியூட்டனில் காட்டவில்லை. ஒரு தசையின் கோடு இன்னொன்றைவிட உயரமாக இருக்கிறது என்பதால் அது பலமாக இழுக்கிறது என்று எழுதினால் மதிப்பெண் போகும்.

12. ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி எடுங்கள்

இரண்டு ஸ்டூல் உயரம், அல்லது இரண்டு பாத நிலை. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள், எது காரணம் என்று தெரியாமல் போகும். ஐந்தாவது படியில் வரைந்த சாக்பீஸ் கோட்டிலிருந்து பாதத்தை 15 செ.மீ. முன்னால் தள்ளி வையுங்கள். ஆனால் எழச் சொல்வதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று எழுதிவிடுங்கள். எடை இப்போது இன்னும் தூரம் முன்னால் பயணிக்க வேண்டும். ஆகவே சாய்வு கூடும் அல்லது வேகம் கூடும், இடுப்பின் பாரம் ஏறும். எழுதியது நடந்ததா என்று பாருங்கள்.

இருக்கை உயர்ந்தால் தொடை தொடக்கத்திலேயே சரிந்திருக்கும், எடையின் கோடு முழங்காலுக்கு அருகே வரும், இழுப்பு குறையும். வீட்டில் பெரியவர்களுக்கு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக் கொடுப்பது இதனால்தான் வேலை செய்கிறது.

13. அடுத்து எந்த அசைவு

இதே ஆளை உட்காரச் சொல்லி, அதை முழுதாக ஒரு முறை செய்யுங்கள். பிறகு படி இறங்குவது. அங்கே ஒரு கால் மட்டுமே உடம்பைத் தாங்குவதால் முன்னாலிருந்தும் ஒரு கேமரா வேண்டியிருக்கும். நடை அதற்கும் பிறகு.

கையை மேலே தூக்குவது சுலபமாகத் தெரிவதால் பலர் அதற்குத் தாவுகிறார்கள். அதைக் கடைசிக்கு வையுங்கள். கை 180 பாகை உயரும்போது சுமார் 120 தோள் மூட்டிலும், மீதி 60 தோள்பட்டை எலும்பு விலா மேல் சுழல்வதாலும் வருகிறது. அந்த எலும்பு தோலுக்கு அடியில் வழுக்கிப் போகும். நீங்கள் ஒட்டிய பொட்டு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.